முதல் திருட்டும் ‘திருடன்’ என்ற பெயரும்

ஐயா,

ஒருவரைக் குற்றவாளி என்று அழைப்பதே அவரைக் குற்றவாளி ஆக்குகிறது என்பதாக முத்திரை குத்தல் கோட்பாட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையிலிருந்து புரிந்துகொண்டேன். அப்படியானால், யாரும் பெயர் சூட்டும் முன்பே நடந்துவிடும் முதல் திருட்டுக்கு யார் பொறுப்பு? குற்றம் செய்தவர் தப்பித்துக்கொள்ள இது வழி செய்யாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

முதல் திருட்டை இக்கோட்பாடு விளக்குவதில்லை. யாரோ கொள்ளைக்காரன் என்று அழைத்ததால் மட்டுமே ஒருவன் கொள்ளையடிக்கிறான் என்று சொல்வது அறிவீனம் என, இதன் முதன்மையான அறிஞராகக் கருதப்படும் ஹோவர்ட் பெக்கரே பின்னாளில் எழுதினார். அதற்கும் முன்பே, 1951இல், சமூகவியலாளர் எட்வின் லெமர்ட் பிறழ்வை, அதாவது சமூக விதிகளை மீறும் நடத்தையை, இரண்டாகப் பிரித்திருந்தார்: பல காரணங்களால் நிகழ்ந்து, செய்தவரின் தன்னடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத முதல்நிலைப் பிறழ்வு, பிறர் தன்னை நடத்தும் விதத்துக்கு எதிர்வினையாக ஒருவர் அந்தப் பெயரையே தன் அடையாளமாக ஏற்று வாழத் தொடங்கும் இரண்டாம்நிலைப் பிறழ்வு. கோட்பாட்டின் அக்கறை பின்னதில்தான். என் கட்டுரையில் இந்தப் பிரிவை அழுத்திச் சொல்லாதது என் பிழை.

சமூகவியலாளர் வில்லியம் சாம்ப்ளிஸ் 1973இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். ஓர் அமெரிக்கப் பள்ளியில் வசதியான குடும்பங்களைச் சேர்ந்த எட்டு மாணவர்களையும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஆறு மாணவர்களையும் அவர் கவனித்தார். இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் விதிகளை மீறின. ஆனால் காரில் தொலைவுக்குச் சென்று குடித்துக் கும்மாளமிட்டு, பிடிபட்டால் பணிவாகப் பேசிய எட்டுப் பேர் நல்ல பிள்ளைகளாகவே கருதப்பட, ஊரார் கண்முன்னே சுற்றித் திரிந்த ஆறு பேர் போக்கிரிகள் ஆனார்கள். பின்னாளில் அந்த ஆறு பேரில் இருவர் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார்கள். வேறு இருவரோ கால்பந்தாட்டத் திறமையால் உதவித்தொகை பெற்றுக் கல்லூரிக்குப் போனார்கள். முத்திரையைத் தலைவிதியாக எண்ணுவோர் வசதியாக மறந்துவிடும் பகுதி இது.

பொறுப்பு குறித்த உங்கள் அச்சத்துக்கு குற்றவியல் அறிஞர் ஜான் பிரெய்த்வெய்ட் 1989இல் முன்வைத்த வேறுபாடு ஓரளவு பதிலாகும். செயலைக் கண்டித்தபின் செய்தவரைத் திரும்ப ஏற்றுக்கொள்ளும் கண்டனம் குற்றத்தைக் குறைக்கும் என்றும், ஆளையே நிரந்தரமாக ஒதுக்கிவைக்கும் கண்டனம் அதைப் பெருக்கும் என்றும் அவர் வாதிட்டார். திருடியவர் திருட்டுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதை இதில் எதுவும் மறுக்கவில்லை. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அவருக்கு வேலை தர மறுப்பவர், அந்த மறுப்பின் விளைவுக்குப் பதில் சொல்ல வேண்டாமா என்ற கேள்வியை மட்டுமே இது கூடுதலாக வைக்கிறது.

அன்புடன்.