ஆட்களைக் கூட்டாமல் ஆய்வின் வலுவைக் கூட்டலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பொருளியல் முதுமாணி ஆய்வு செய்கிறேன். பனையோலைக் கைப்பணி செய்யும் 120 பெண்களில் 60 பேருக்கு எழுமாறாகச் சிறு மூலதன மானியம் கொடுத்து, ஆறு மாதம் கழித்து இரு குழுக்களின் இலாபத்தையும் ஒப்பிட எண்ணம். புள்ளிவிபர வலு, அதாவது மானியத்தால் உண்மையில் பயன் இருந்தால் அதை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு, போதாது என்கிறார் மேற்பார்வையாளர். மேலும் ஆட்களைச் சேர்க்கப் பணமில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் மேற்பார்வையாளர் சொல்வது சரிதான். சிறுதொழில் இலாபம் ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடும். மாத இலாபத்தின் சராசரி 15,000 ரூபாய், நியம விலகலும் அதே அளவு என்று வைப்போம். 5% பொருண்மை மட்டத்தில் (இல்லாத பயனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5%) 80% வலு வேண்டுமானால், இலாபம் ஏறத்தாழ 7,700 ரூபாய் உயர வேண்டும். பாதிக்கு மேல் இலாபத்தை உயர்த்தும் மானியத்தை நான் நம்பமாட்டேன். 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் டி மெல், மெக்கென்சி, வுட்ரஃப் என்ற பொருளியலாளர்கள் தொடங்கிய மானியப் பரிசோதனையில், பெண்களின் தொழில்களில் சராசரிப் பயன் பூச்சியத்தை ஒட்டியே இருந்தது.

அதே ஆய்வு காலாண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப இலாபத்தைக் கேட்டது. நீங்களும் அதைச் செய்யுங்கள். ஒரே பெண்ணின் இலாபத்துக்கு இரு கேள்விச் சுற்றுகளிடையே இணைபு (correlation) 0.3 என்றால், மானியத்துக்கு முன் ஒருமுறையும் பின் நான்கு முறையும் கேட்டாலே 7,700 என்பது 4,800 ஆகக் குறையும். ஆட்களை 240 ஆக்கி ஒரேயொரு தடவை கேட்டாலோ 5,400தான்.

ஒரு கண்ணி இருக்கிறது. பின்னைய இலாபத்திலிருந்து முன்னைய இலாபத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடாதீர்கள். பலரும் பழக்கத்தால் அப்படித்தான் செய்கிறார்கள். இணைபு குறைவாக இருக்கையில் கழித்தல், முன்னைய சுற்றின் இரைச்சலையும் (தற்செயல் ஏற்றத்தாழ்வையும்) சேர்த்துக் கொண்டுவரும். 4,800 மறுபடி 7,200 ஆகிவிடும். முன்னைய இலாபத்தைப் பிற்செலவு (regression) சமன்பாட்டில் ஒரு மாறியாக வையுங்கள், போதும்.

மானியத்தைச் சங்கம் சங்கமாகப் பிரித்துக் கொடுக்கும்படி யாராவது கேட்டால், முடிந்தவரை மறுங்கள். ஆறு சங்கங்கள், சங்கத்துக்கு 20 பேர், உள்ளிணைபு (ஒரே சங்கத்தாரின் இலாபங்கள் ஒத்துப்போகும் அளவு) 0.05 என்றாலே 120 பேர் ஏறக்குறைய 62 பேருக்குச் சமமாகிவிடுவர். ஒவ்வொரு சங்கத்துக்குள்ளும் பாதிப் பேருக்குக் குலுக்கல் போடுங்கள். அயலவர் முறுமுறுப்பார்கள்; ஆய்வு முடிந்ததும் மற்றவர்களுக்கும் மானியம் உண்டென்று முதலிலேயே சொல்ல முடிந்தால் நல்லது.

சுற்றுகளின் நேரத்தையும் கவனியுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு குழுவையும் அது முடிந்தபின் மற்றதையும் கேட்டால், நீங்கள் அளப்பது மானியத்தை அல்ல, திருவிழா வியாபாரத்தை. 0.3 என்பது என் ஊகம். ஒரு சிறு முன்னோட்டத்தில் அதை அளந்து பாருங்கள், இணைபு 0.8 என்று வந்தால், பின்சுற்றுகளைக் கூட்டுவதால் கிடைக்கும் நன்மை குறைவு, முன்னைய அளவீடே பெரும்பங்கு வேலையைச் செய்துவிடும்.