கடைசி வரியில் எழுதிய கால் வீக்கம்

அந்தப் பிரமதண்டு எண்ணெயை இன்றைக்கே நிறுத்துங்கள். மாமனாரை அழைத்துக்கொண்டு நீங்களும் சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் எண்ணெய் பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

நகரியிலிருந்து நீங்கள் எழுதிய மூன்று பக்கங்களில் முடி கொட்டுவதும் குதிகால் வெடிப்பும் பையனின் மறதியும்தான் முதலில் வருகின்றன. ஏரிக்கரையில் முளைத்த பிரமதண்டு என்ற முட்செடியின் விதையை மாமனார் செக்கில் ஆட்டி வந்து, அவரும் நீங்களும் ஒரு மாதமாகச் சோற்றில் ஊற்றிக்கொள்கிறீர்கள் என்பது இரண்டாம் பக்கத்தில். "அவருக்கும் எனக்கும் இரண்டு காலும் வீங்கியிருக்கிறது, வெயிலினாலா டாக்டர்?" என்பது கடைசி வரியில்.

வெயில் இல்லை அம்மா. ஒரே வீட்டில் ஒரே எண்ணெய் சாப்பிட்ட இருவருக்கு ஒரே சமயத்தில் கால் வீங்கினால், எண்ணெயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பிரமதண்டு விதையில் சாங்குவினரின் என்ற நஞ்சு இருக்கிறது. அது நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கசியவிடுகிறது. கசிந்த நீர் காலில் இறங்குகிறது. தோல் சிவக்கும், எரியும், அழுத்தினால் வலிக்கும். சிலருக்கு வயிற்றுப்போக்கும் இருக்கும். முற்றினால் இதயம் தளர்ந்து, படுத்தவுடன் மூச்சு முட்டும். அப்படி முட்டினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். கண்ணிலும் அழுத்தம் ஏறலாம். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

1998இல் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு எண்ணெய் கலந்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு கலந்தாலே நோய் வரும். உங்கள் மாமனார் கலப்படமே இல்லாமல் சாப்பிடுகிறார்! தாளித்தால் நஞ்சு போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்கு முறிவு மருந்து கிடையாது. எண்ணெயை நிறுத்துவதுதான் முதல் சிகிச்சை. பக்கத்து வீட்டுக்காரரின் நீர் மாத்திரையை வாங்கிப் போட்டேன் என்கிறீர்களே, அது யாருக்கு, எந்த நோய்க்கு எழுதியது?

உங்கள் உண்மையான பயம் வேறு என்பது புரிகிறது. கணவரின் பெரியப்பா மாரடைப்பில் போனார்; மீன் சாப்பிடாத வீடு; மீன் இல்லையென்றால் இதயத்துக்கு ஆபத்து, காட்டு விதைகளில் எல்லாக் கொழுப்பு அமிலமும் உண்டு என்று செல்போனில் யாரோ சொன்னார். பாதி சரி. பிரமதண்டு எண்ணெயில் லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் நிறையவே உண்டு. அது உடலுக்கு இன்றியமையாததும்கூட. ஆனால் நீங்கள் தினமும் ஊற்றும் நல்லெண்ணெயிலேயே அது நூற்றுக்கு 40 பங்கு இருக்கிறது. இல்லாத குறைக்காக இதயத்தைக் கெடுக்கும் எண்ணெயைக் குடித்திருக்கிறீர்கள்.

மீனுக்குப் பதிலாக ஒமேகா 3 என்ற கொழுப்பு அமிலம் வேண்டுமா? ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மோரில் கலந்து குடித்தால் அன்றைய தேவை முடிந்தது. தானாக முளைத்ததுதான் வேண்டுமென்றால் பருப்புக்கீரை இருக்கிறது. 100 கிராமில் 300 முதல் 400 மில்லிகிராம் வரை ஒமேகா 3 கிடைக்கும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அதை அளவோடு சாப்பிட வேண்டும். மீனில் உள்ள வகையாக உடல் இவற்றைக் கொஞ்சமே மாற்றும் என்பது உண்மைதான். அதற்காக மீன் சாப்பிடாதவர் இதயம் நின்றுவிடாது. மாமனாரின் பீடியை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். இதயத்துக்காகக் கவலைப்படுபவர் அங்கிருந்து தொடங்கலாம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது?

முடியும் குதிகாலும் காத்திருக்கும். பத்து வயதுப் பையனுக்கு மறதி என்பதைவிட, அவன் தட்டில் அந்த எண்ணெய் விழுந்ததா என்பதுதான் எனக்கு முக்கியம். அதை நீங்கள் எழுதவில்லை. அவனையும் அழைத்துச் செல்லுங்கள். வழியில் செக்குக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: மாமனாருக்கு அடுத்து அதே செக்கில் கடலை ஆட்டியவர்கள் யார் யார் என்று அவருக்குத்தான் தெரியும்.