ஆச்சியின் ரிப்போர்ட் யாருக்குச் சொந்தம்? – செவிலியர் கேள்வி பதில்

கேள்வி: தேவகோட்டையில் ஒரு வீட்டில் தங்கி, ஆச்சி ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் நர்ஸ் நான். ஆச்சிக்கு எண்பதை நெருங்குகிற வயது, ஆனால் நினைவும் பேச்சும் நல்ல தெளிவு. மூத்த மகன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர்தான் எனக்குச் சம்பளம் அனுப்புகிறார். சுகர், பிரஷர், சாப்பாடு எல்லாவற்றையும் தினமும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லியிருக்கிறார், போடுகிறேன். இப்போது குளிக்க வைக்கும்போது ஆச்சிக்கு மார்பில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. "பேத்தி கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் யாருக்கும் மூச்சு விடாதே" என்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி என் மேல்தானே வரும்? போதாக்குறைக்குப் பங்காளி வீட்டு ஆச்சிகள் வந்து உட்கார்ந்துகொண்டு, "உடம்புக்கு என்ன பண்ணுது, எங்ககிட்ட சொன்னா என்ன?" என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சம்பளம் யார் கொடுத்தாலும் உங்கள் நோயாளி ஆச்சிதான். அவருடைய உடம்பைப் பற்றிய செய்தி அவருக்குச் சொந்தம். மகன் பணம் அனுப்புவது பாசத்தில், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்தப் பணத்தோடு அம்மாவின் ரகசியங்களும் அவர் கைக்குப் போய்விடாது. நர்ஸிங் படிக்கும்போது விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தீர்களே, 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் எழுதப்பட்ட நைட்டிங்கேல் உறுதிமொழி, அதிலேயே பணியில் தெரியவரும் சொந்த விஷயங்களையும் குடும்ப விஷயங்களையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று இருக்கிறது. ஆஸ்பத்திரி வார்டில் மட்டுமல்ல, நீங்கள் வேலை செய்கிற அந்த வளவு வீட்டிலும் அது செல்லும்.

அதற்காக, கட்டியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்று சொல்லவில்லை. மகனுக்குச் சொல்லாமல் இருப்பது வேறு, டாக்டருக்குக் காட்டாமல் இருப்பது வேறு. ஆச்சியிடம் இதைத்தான் முதலில் பிரித்துச் சொல்ல வேண்டும். "பிள்ளைகளுக்கு நீங்க சொல்லச் சொன்னாத்தான் சொல்லுவேன் ஆச்சி, ஆனா டாக்டர்கிட்டக் காட்டிருவோம்" என்று பேசிப் பாருங்கள். இந்த வயதில் புதிதாக ஒரு கட்டி தெரிந்தால் அது புற்றுநோயாகத்தான் இருக்கும் என்றில்லை, ஆனால் அப்படி இருந்தால் மாதங்கள் தள்ளிப்போவது வித்தியாசம் உண்டாக்கும். காத்திருந்தால் என்ன ஆகலாம், இப்போதே பார்த்தால் என்ன செய்ய முடியும் என்பது தெரிந்த பிறகும் "கல்யாணம் முடியட்டும்" என்றால் அது ஆச்சியின் முடிவு. தெரியாமல் சொன்னால் அது வெறும் பயம். பெரும்பாலும் அந்தப் பயத்துக்குப் பின்னால் வேறு ஒன்று இருக்கும்: கல்யாணம் தள்ளிப்போய்விடுமோ, மகன் டிக்கெட் போட்டு ஓடி வந்துவிடுவானோ, சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே வைத்துவிடுவார்களோ. அது என்னவென்று உட்கார்ந்து கேளுங்கள். ஒரே நாளில் பதில் வராது, எண்ணெய் தேய்க்கும்போதும் மாத்திரை கொடுக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும்.

மகன் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள், விஷயத்தையும் சொல்லாதீர்கள். "அம்மாகிட்டேயே கொடுக்குறேன், நீங்களே பேசுங்கண்ணே" என்று போனை ஆச்சி கையில் கொடுங்கள். இன்னொன்று, வாட்ஸ்அப்பில் தினமும் என்னென்ன போகிறது என்று ஆச்சிக்குத் தெரியுமா? அந்தக் குழுவில் மருமகள்கள், பேரன்கள், சம்பந்தி வீட்டார் கூட இருக்கலாம். யாருக்கு என்ன சொல்லலாம் என்று ஆச்சி சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கி வையுங்கள். ஆச்சிக்கு நினைவு தப்பினால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் இப்போதே, தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். நாளைக்குப் பழி வந்தால் அந்த நோட்டு உங்களுக்குத் துணை. புண், கட்டி, படுக்கைப்புண் இவற்றின் படங்களை மட்டும் குழுவில் போடவே வேண்டாம், கேட்கிறவர் டாக்டராக இருந்தால் அவருக்குத் தனியாக, அதுவும் ஆச்சியிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

ஆச்சி மயங்கி விழுந்தாலோ, குழப்பமாகப் பேச ஆரம்பித்தாலோ இதெல்லாம் பொருந்தாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், மகனுக்குச் சொல்லுங்கள், சிகிச்சைக்குத் தேவையான எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பங்காளி வீட்டு ஆச்சிகளுக்கு ஒரே பதில் போதும்: "நல்லா இருக்காக, உள்ளதான் இருக்காக, நீங்களே பேசிட்டுப் போங்க."

கேள்வி: காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலை என்கிறார்கள். நோயாளிகள் "எங்கம்மா போடணும்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். சில சமயம் கூட இருப்பவரிடமே வாங்கிவிடச் சொல்கிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. உங்களைப் போலப் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதைக் கேட்கத் துணிவது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. விளக்கிச் சொல்ல வேண்டியது ஆபரேஷன் செய்கிற டாக்டர். நீங்கள் சாட்சி. நோயாளி புரிந்துகொண்டு, யாரும் கட்டாயப்படுத்தாமல், தன் கையால் போட்டார் என்பதற்குத்தான் உங்கள் கையெழுத்து அங்கே இருக்கிறது.

2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கை ஒவ்வொரு நர்ஸும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1995-இல் டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், என்ன கோளாறு என்று பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்குப் போனார். மயக்க மருந்தில் இருக்கும்போது, வெளியே உட்கார்ந்திருந்த அவருடைய அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் அப்போது இல்லை. சுயநினைவு திரும்பப்போகிற, வயதுவந்த ஒரு பெண்ணுக்குப் பதிலாக அம்மா போட்ட கையெழுத்து செல்லாது, பரிசோதனைக்குக் கொடுத்த ஒப்புதல் ஆபரேஷனுக்குக் கொடுத்த ஒப்புதல் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாயின் கையெழுத்துக்கே இதுதான் நிலை என்றால், கூட வந்த மச்சான் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன ஆகும். இவ்வளவும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பேனாவை நீட்டும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப்போறாங்கன்னு டாக்டர் சொன்னாரு, எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்." பதில் வந்தால் வாங்குங்கள். திருதிருவென்று விழித்தால் படிவத்தை மூடிவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள், "சார், பேஷண்ட்டுக்கு இன்னும் சரியாகப் புரியலை, ஒரு தடவை வந்து பேசிட்டுப் போங்க" என்று பணிவாகச் சொன்னாலே போதும், அதைக் கேஸ் ஷீட்டிலும் நேரம் போட்டு எழுதிவிடுங்கள். திட்டு விழலாம். விழட்டும். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழிலும் வேண்டும் என்று மேலிடத்தில் கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டி, சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கலாம். நினைவில்லாமல் வருகிற விபத்துக் கேஸ்களில் உயிரைக் காப்பாற்றக் கையெழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: கருக்கலைப்புக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்கிறார்களே?

பதில்: இரண்டுக்கும் தேவையில்லை. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் மட்டும் போதும், 18-க்குக் கீழே என்றாலோ, மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றாலோதான் பாதுகாவலர் கையெழுத்து. 2021-இல் வந்த திருத்தத்தின்படி அந்தப் பெண்ணின் பெயரையோ விவரத்தையோ சட்டம் அனுமதிக்காத ஒருவரிடம் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். வீட்டுக்காரர் வந்து கவுன்ட்டரில் சத்தம் போட்டாலும் இதேதான்.

கேள்வி: லேபில் ரத்தம் எடுக்கும் நர்ஸ் நான். கல்யாணம் விசாரிக்கிறவர்கள், என் சொந்தக்காரர்களே, "அந்தப் பொண்ணு அங்க வந்துச்சே, எதுக்கு வந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஒரு வாழ்க்கை விஷயமாயிற்றே, சொல்லிவிடலாமா?

பதில்: கூடாது. வந்தாள் என்பதையே சொல்லக்கூடாது. நம் ஊரில் லேப் வாசலில் நின்றதை வைத்தே ஒரு சம்பந்தம் நின்றுபோகும், அப்புறம் அந்தப் பெண் தைராய்டு பார்க்கத்தான் வந்தாள் என்று யார் போய் ஊர் முழுக்கச் சொல்வது?

ஹெச்.ஐ.வி. இருந்தால்கூடவா என்று சிலர் கேட்பார்கள். 1998-இல் உச்ச நீதிமன்றம், கல்யாணம் செய்துகொள்ளப்போகிறவரின் உயிருக்கு ஆபத்து என்னும்போது அங்கே ரகசியத்தைக் காக்கும் கடமை விலகிக்கொள்ளும் என்று சொன்னது உண்மை. ஆனால் அதை யார், எப்படிச் சொல்ல வேண்டும் என்பதற்கு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிக்கும் பொறுப்பு டாக்டருக்கும் ஆலோசகருக்கும் மட்டும்தான், அதுவும் சம்பந்தப்பட்டவரிடமே முதலில் பேசி, நீங்களே சொல்லிவிடுங்கள் என்று வாய்ப்புக் கொடுத்த பிறகு. ரத்தம் எடுத்தவருக்கு அதில் இடமில்லை, விசாரிக்க வந்த அயித்தைக்கு இல்லவே இல்லை. உங்களுக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தால் அந்த டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். சொந்தக்காரர்களிடம், லேப் விஷயம் எதையும் வீட்டில் பேசுவதில்லை என்று ஆரம்பத்திலிருந்தே எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிவையுங்கள். சிலருக்கு "ஒண்ணும் இல்லை" என்றும் சிலருக்கு "சொல்ல மாட்டேன்" என்றும் சொன்னால், இரண்டாவது பதிலைக் கேட்டவர்கள் தாங்களே ஒரு வியாதியை முடிவு செய்துகொள்வார்கள்.