சீன மொழியில் 'ஹுவா' என்றால் பூ. ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் அது ஏன் இடத்துக்கு இடம் வேறு சொல்லாகிவிடுகிறது?

ஆங்கிலத்தில் ஃபிளவர் என்றால் பெரும்பாலும் செடியில் பூப்பது மட்டும்தான். சீனர்களின் ஹுவா அதோடு நிற்பதில்லை. பொட்டுப் பொட்டாக, சிதறலாக, கலங்கலாக, பல நிறமாகக் கண்ணில் படுகிற எதையும் அவர்கள் ஹுவா என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது பாதி இடங்களில் பூ உதிர்ந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை.

தமிழருக்கு இது புரியாத விஷயமே இல்லை. தேங்காயைத் துருவினால் தேங்காய்ப் பூ என்கிறோம். பூப் போட்ட சேலை எடுக்கிறோம். காசைச் சுண்டி பூவா தலையா பார்க்கிறோம். வராத ஆளுக்காகக் காத்திருந்து கண் பூத்துப் போகிறோம். இதில் எதை ஆங்கிலத்தில் ஃபிளவர் என்று எழுத முடியும்? நான் சிங்கப்பூரில் வேலைக்கு வந்த பிறகு மாலை வகுப்பில் சீனம் படித்தேன். ஆங்கில அகராதியை வைத்துப் படித்தபோது தலை சுற்றிய இந்தச் சொல், தமிழை வைத்துப் பார்த்தபோது சட்டென்று பிடிபட்டது.

முதலில் சாப்பாடு. அடித்த முட்டையைக் கொதிக்கிற சூப்பில் மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டே கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால், அது உடனே வெந்து இழை இழையாக மிதக்கும். அந்த சூப்பின் பெயர் டான்ஹுவா தாங், அதாவது முட்டைப் பூ சூப். அமெரிக்கச் சீன உணவகங்களில் இதுவே எக் டிராப் சூப். சீனப் பெயர் கிண்ணத்தில் தெரிவதைச் சொல்கிறது, ஆங்கிலப் பெயர் சமையற்காரர் செய்ததைச் சொல்கிறது. இரண்டும் சரிதான், எனக்குப் பிடித்தது முதலாவது. மேலே தூவுகிற பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளும் ஒரு ஹுவாதான். நம் தேங்காய்ப் பூ மாதிரியே. ஆங்கிலத்தில் அது வெறும் சாப்ட் ஸ்காலியன்ஸ்.

கொழுப்பும் சதையும் வரிவரியாக மாறி மாறி வரும் பன்றி வயிற்றுக் கறிக்கு வூஹுவா ரோ என்று பெயர். சொல்லுக்குச் சொல் எழுதினால் 'ஐந்து பூ இறைச்சி'. இங்கே ஹுவா என்பது அந்த வரிகளை, அந்த டிசைனைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் போர்க் பெல்லி என்று முடித்துவிடுவார்கள். சிங்கப்பூர் ஹாக்கர் சென்டரில் விற்கிற தௌ ஹுவே, மலேசியாவில் பலர் தௌ ஃபூ ஃபா என்று கேட்டு வாங்குகிற அதே இளஞ்சூட்டு இனிப்பு, இரண்டின் கடைசி அசையும் இதே எழுத்துதான். முதலாவது ஹொக்கியன் உச்சரிப்பு, அடுத்தது கான்டனீஸ், இரண்டும் தென்சீன வட்டார மொழிகள். தயிர்போல உறைந்த சோயாப்பால் கரண்டி பட்டதும் ஏடு ஏடாக விரிவதைப் பார்த்தவர்களுக்குப் பூ எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். பலகையில் ஆங்கிலத்தில் பீன்கர்ட் என்றிருக்கும்.

நிலக்கடலைக்குத் தனியாக நேரம் கொடுக்க வேண்டும். அதன் பெயர் ஹுவாஷெங். முழுப் பெயர் லுவோஹுவாஷெங், 'உதிர்ந்த பூவிலிருந்து பிறப்பது'. கவித்துவமாக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், அது அப்பட்டமான தாவரவியல். கடலைச் செடியில் மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கும். கருவுற்றுப் பூ வாடிய பிறகு அதன் அடியிலிருந்து ஒரு காம்பு கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் புகும், அதன் நுனியில்தான் காய் பிடிக்கும். நம் ஊர் விவசாயிகள் இதை விழுது இறங்குவது என்பார்கள். அந்தப் பருவத்தில்தான் ஜிப்சம் போட்டு மண் அணைப்பார்கள். தென் அமெரிக்காவில் இருந்து வந்த ஒரு பயிரைச் சீனத்து உழவர்கள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் பாருங்கள். ஆங்கிலக்காரர் அதைப் பட்டாணிக் கொட்டை என்று பெயர் வைத்து பீநட் ஆக்கிவிட்டார், நாம் வேரில் காய்க்கிறது என்று வேர்க்கடலை ஆக்கிவிட்டோம். மூன்றில் செடியைச் சரியாகச் சொல்வது சீனப் பெயர்தான்.

அடுத்து கண். பார்வை மங்கினாலோ பூச்சி பறந்தாலோ யென்ஹுவா. வாணவேடிக்கைக்கும் யென்ஹுவா. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் முதல் அசையின் தொனி வேறு. கண் மங்குவதற்குத் தொனி கீழே இறங்கி ஏற வேண்டும், வாணவேடிக்கைக்கு உச்சத்தில் நேராக நிற்க வேண்டும். எழுத்தும் வேறு, அங்கே கண், இங்கே புகை. வயதானவர்களுக்கு வரும் வெள்ளெழுத்துக்கு லாவ்ஹுவா, நேராகச் சொன்னால் 'முதுமைப் பூ'. இங்கெல்லாம் ஆங்கிலம் ப்ளர்ட், ரீடிங் கிளாஸஸ் என்று வேறு பாதையில் போய்விடும். தமிழிலோ கண்ணில் பூ விழுந்தது என்று நாமே சொல்கிறோம். நாம் சொல்வது கருவிழியில் விழும் வெள்ளையை, அவர்கள் சொல்வது பொதுவான மங்கலை. நோய் வேறு, பார்த்த விதம் ஒன்று.

பல நிறம், கோலம் என்ற பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது சிட்டிபேங்கின் சீனப் பெயர், ஹுவாச்சி வங்கி. தமிழில் பூக்கொடி வங்கி! 1784இல் முதல் அமெரிக்கக் கப்பல் தென்சீனாவின் கான்டன் துறைமுகத்துக்கு வந்தது. அதன் கொடியில் கோடுகளும் நட்சத்திரங்களும். வண்ணமயமான அந்தத் துணியை உள்ளூர்க்காரர்கள் பூக்கொடி என்றார்கள், அமெரிக்கா பூக்கொடி நாடு ஆனது. அந்தக் கப்பலின் முக்கியச் சரக்கு ஜின்செங் என்ற மருந்துக் கிழங்கு. இன்றுவரை அமெரிக்க ஜின்செங்கைச் சீன மருந்துக் கடைகளில் பூக்கொடி ஜின்செங் என்றும் விற்கிறார்கள். சிட்டிபேங்கின் முன்னோடி நிறுவனம் 1902இல் ஷாங்காயில் கிளை திறந்தது, அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஹுவாச்சி என்று வருவதை ஆங்கிலத்தில் ஃபிளவர் ஃபிளாக் என்று எழுதினால் எந்த வங்கி என்று யாருக்கும் தெரியாது. சிட்டிபேங்க் என்றுதான் எழுத வேண்டும்.

இதே எழுத்துக்குச் செலவழிப்பது என்றும் பொருள் உண்டு. பூவுக்கும் காசுக்கும் என்ன உறவு என்று ரொம்பத் தோண்ட வேண்டாம். சீன அகராதிகளே இதைத் தனிச் சொல்லாகப் பிரித்துத்தான் கொடுக்கின்றன. எழுத்தும் ஒலியும் ஒன்று, அவ்வளவுதான். நம் 'ஆறு' எண்ணாகவும் நதியாகவும் இருப்பதைப் போல. சியாவ்ஹுவா, அதாவது சின்னப் பூ, என்ற பெண் பூ வாங்கினால் வாக்கியம் இப்படி வரும்: 'சியாவ்ஹுவா ஹுவா சியென் மாய் ஹுவா'. சின்னப் பூ காசு செலவழித்துப் பூ வாங்குகிறாள். மூன்று ஹுவாவும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் முதலாவது ஒலிபெயர்ப்பாக நிற்கும், இரண்டாவது ஸ்பெண்ட் ஆகும், மூன்றாவதுதான் ஃபிளவர். நேரம் செலவானால் அதே சொல் டேக் ஆகிவிடும். அலிபே என்ற சீனப் பணச் செயலி 2015இல் கொண்டுவந்த கடன் வசதிக்கு ஹுவாபெய் என்று பெயர், 'செலவழியேன், என்ன இப்போ' என்கிற தொனி. இளைஞர்களிடம் கடன் விற்க இதைவிடக் குறும்பான பெயர் கிடைக்காது.

நல்ல பொருள் மட்டும்தானா என்றால், இல்லை. ஒருத்தியிடம் நிலைக்காத மனசுக்கு ஹுவாஷின், பூ மனம். ஊர் சுற்றும் பணக்காரப் பிள்ளைக்கு ஹுவாஹுவா கோங்ட்ஸ. பிளேபாய் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதைத்தான் வைத்துக்கொண்டார்கள். பெரியம்மைக்குப் பெயர் தியென்ஹுவா, வானத்துப் பூ. நாம் அம்மை என்றோம், முத்துப் போட்டிருக்கிறது என்றோம். ஆங்கிலத்தின் ஸ்மால்பாக்ஸ் கொப்புளத்தைக் கொப்புளம் என்றே சொல்கிறது.

இன்னொன்று, இது உண்மையாகவே நம் பக்கத்துக் கதை. 'தான்ஹுவா ஒருமுறை தோன்றியது போல' என்று சீனத்தில் ஒரு மரபுத்தொடர். ஆங்கிலத்தில் ஃபிளாஷ் இன் தி பேன் என்று மொழிபெயர்ப்பார்கள். அந்த பேன் சட்டியல்ல, பழைய துப்பாக்கியில் மருந்து வைக்கிற குழி. பூ போய் வெடிமருந்து வந்துவிட்டது! ஆனால் தான்ஹுவாவின் மூலம் சமஸ்கிருத உதும்பரம், நம் அத்தி மரம். பௌத்த நூல்களில் அது மிக அரிதாகப் பூப்பது. 406இல் குமாரஜீவர் என்ற பௌத்தத் துறவி தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலைச் சீனத்தில் பெயர்த்தபோது, புத்தரின் போதனை உதும்பரப் பூ எப்போதாவது தோன்றுவது போல அரியது என்று வந்தது. நம் 'அத்தி பூத்தாற்போல' இதே மரத்தைப் பற்றியதுதான். அத்திப் பூ காய்க்குள்ளேயே மறைந்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. தமிழில் அரிது என்ற பொருள் அப்படியே நின்றது. சீனத்தில் காலப்போக்கில் அது சட்டென்று மறைவது என்று திரும்பிவிட்டது. இன்று தான்ஹுவா என்றால் அவர்கள் காட்டுவது மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்த, இரவில் பூத்து விடியலில் வாடிப்போகும் ஒரு கள்ளிச் செடி. நம் வீடுகளில் அதைப் பிரம்ம கமலம் என்று சொல்லி நடுராத்திரியில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்களே, அதே செடி!

குமாரஜீவர் காலத்து வாசகத்தில் பூவுக்கு இருப்பது இன்றைய எழுத்து அல்ல, அதைவிடப் பழைய எழுத்து. அதுவும் தமிழில் எழுதினால் ஹுவாதான், தொனி மேலே ஏறும். பழைய கவிதைகளில் பூ என்றால் அதுதான். பின்னால் மேலே புல் குறியும் கீழே 'மாற்றம்' என்ற எழுத்தும் வைத்த புதிய வடிவம் பூவை எடுத்துக்கொண்டது. பழையது பொலிவு, சீனம் என்ற பொருள்களோடு நின்றுவிட்டது. சீனாவின் அதிகாரப்பூர்வப் பெயரில் வரும் ஜோங்ஹுவாவில் இருப்பது அந்தப் பழைய எழுத்து.

ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் 2000இல் எடுத்த படத்தின் சீனத் தலைப்பில் இரண்டு எழுத்துகளும் வருகின்றன: ஹுவாயாங் நியென்ஹுவா, பூப்போன்ற பருவம். ஆங்கிலத்தில் இன் தி மூட் ஃபார் லவ், ஒரு பழைய ஆங்கிலப் பாட்டின் பெயரை ஒட்டியது. இரண்டு பூவும் காணோம். நேர்மாறாக, சீன இயக்குநர் ஜாங் யீமோவின் 2006 படம் ஆங்கிலத்தில் கர்ஸ் ஆஃப் தி கோல்டன் ஃபிளவர். சீனத் தலைப்பில் பூவே கிடையாது, 'நகரெங்கும் பொற்கவசம்' என்றுதான் இருக்கிறது. அது தாங் அரச வம்சக் காலத்துக் கிளர்ச்சியாளர் ஹுவாங் சாவ் சாமந்தியைப் பற்றி எழுதிய கவிதையின் ஒரு வரி. அந்தப் பொற்கவசமே சாமந்திதான். மூலத்தில் மறைந்திருந்த பூவை ஆங்கிலத் தலைப்பு வெளியே எடுத்துவிட்டது. இதை நான் சாமர்த்தியம் என்பேன்.

பெயர்களில் தகராறு இன்னும் அதிகம். 'செங்கூடக் கனவு' என்ற பழைய சீன நாவலில் ஹுவா ஷிரென் என்று ஒரு பணிப்பெண். பூவின் மணம் ஆளைத் தாக்குகிறது என்ற பழைய கவிதை வரியிலிருந்து எடுத்த பெயர். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டேவிட் ஹாக்ஸ் அவளை அரோமா ஆக்கினார். அதையே மொழிபெயர்த்த யாங் தம்பதியர் ஒலியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஹாக்ஸைப் படிக்கும்போது அந்தப் பெண் உடனே மனதில் பதிகிறாள், ஆனால் அவளுடைய குடும்பப் பெயர் ஹுவா என்பது அரோமா என்ற அந்தப் பெயரில் தெரியாது. ஆண் வேடத்தில் போருக்குப் போன கதைநாயகி முலானுக்கும் குடும்பப் பெயர் இதே ஹுவாதான். பழைய கதைப்பாடலில் அவளுக்குக் குடும்பப் பெயரே கிடையாது, பூ பின்னால் சேர்ந்தது. 1998இல் டிஸ்னி அவளைக் கான்டனீஸ் உச்சரிப்பில் ஃபா முலான் என்றது, 2020இல் பொதுச் சீனமான மாண்டரினுக்கு மாறி ஹுவா முலான் என்றது. இரண்டு படத்திலும் ஃபிளவர் முலான் என்று யாரும் எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும்.