முதல் முறை கடைத்திருட்டு வழக்கு: வக்கீல் வைக்க வேண்டுமா?

காசு கொடுக்காமல், ஏமாற்றும் எண்ணத்தோடு கடைப்பொருளை எடுப்பதுதான் கடைத்திருட்டு. பில் போட மறந்து பைக்குள் தங்கிவிட்ட ஷாம்பு பாட்டில் இதில் சேராது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 303(2) பிரிவுப்படி, பொருள் 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவைதான். அப்புறம் வக்கீல் எதற்கு? சிக்கல் அதே சட்டத்தின் 305ஆம் பிரிவில் இருக்கிறது. பொருட்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டடத்தில் திருடினால் 7 ஆண்டு வரை சிறை. இந்தச் சலுகையும் இல்லை. கடையும் கட்டடம்தானே! எஃப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு என்று முதலில் பாருங்கள்.

303 என்றாலும் ஒருமுறை வக்கீலைப் பார்த்துவிடுவதே சரி என்பேன். கடைக்காரர் சம்மதித்தால் சமரசமாக முடிக்க வழியுண்டு. அவசரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்வது பல்வலிக்கு மாத்திரை போடுவது மாதிரி: வலி அடங்கும், சொத்தை இருக்கும்.

பெண்கள், காவலில் இருப்பவர்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்; எண் 15100.

பொருளைத் திருப்பிக் கொடுத்தால் வழக்கே போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டனைதான் குறையும், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும்.