யூதர்களும் மற்றவர்களும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: யூதர்கள் படிப்பதும் பழைய ஏற்பாடுதானே, அப்புறம் ஏன் இயேசுவை ஏற்கவில்லை?
- வாசகர், நாகர்கோவில்

‘பழைய ஏற்பாடு’ என்பதே கிறிஸ்தவர்கள் வைத்த பெயர். யூதர்கள் அதைத் தனாக் என்பார்கள். சீர்திருத்தச் சபையினரின் (புராட்டஸ்டன்ட்) பைபிளில் உள்ள அதே நூல்கள்தான், ஆனால் வரிசை வேறு. அந்த பைபிளில் பழைய ஏற்பாடு மல்கியாவோடு முடிகிறது, தீர்க்கதரிசி எலியாவை அனுப்புவேன் என்று கடவுள் சொல்கிறார், பக்கத்தைப் புரட்டினால் மத்தேயு. தனாக் முடிவது நாளாகமத்தில். பெர்சிய அரசன் கோரேஸ், நாடு இழந்த மக்களை எருசலேமுக்குப் போகலாம் என்கிறான், ‘ஏறிப் போகட்டும்’ என்பதுதான் கடைசிச் சொல். ஒரே நூல்கள்தான், ஆனால் ஒன்றில் ஒருவரின் வருகைக்கான காத்திருப்பு, மற்றொன்றில் ஊர் திரும்புதல்.

மெசியா வருவார் என்று மரபான யூதர்களும் நம்புகிறார்கள். அவர் தாவீதின் வம்சத்தில் பிறக்கும் மனிதர், கடவுளின் அவதாரம் அல்ல. அவர் வந்தால் போர் ஒழியும், ஏசாயா சொன்னபடி வாள்களை அடித்துக் கலப்பைக் கொழு செய்வார்கள். அது இன்னும் நடக்கவில்லையே என்பது அவர்கள் பதில். அதைவிட ஆழமான காரணம் கடவுளைப் பற்றியது. காலையிலும் மாலையிலும் சொல்லும் ‘ஷெமா’ என்ற வேண்டுதலின் முதல் வரிக்கு வலது கையால் கண்ணை மூடிக்கொள்வார்கள்: ‘இஸ்ரவேலே கேள், கர்த்தர் நம் தேவன், கர்த்தர் ஒருவரே.’ வாசல் நிலையில் பதிக்கும் சிறு பேழைக்குள் சுருட்டி வைப்பதும் இதைத்தான். உருவமில்லாத அந்த ஒருவர் மனிதராகப் பிறந்தார் என்பதை அவர்களால் ஏற்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எது முதன்மையான கட்டளை என்று கேட்டபோது இயேசு சொல்லத் தொடங்கியதும் இதே வரியைத்தான் (மாற்கு 12).

கேள்வி: தாங்கள் மட்டும்தான் கடவுளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்றால், நமக்கெல்லாம் சொர்க்கம் இல்லையா?
- வாசகி, மதுரை

இருக்கிறது. தேர்வு என்பது அங்கே சலுகையைவிடக் கடமைதான். யூதருக்கு 613 கட்டளைகள், மற்றவர்களுக்கு நோவா வழியாக வந்த ஏழு போதும்: கொலை, திருட்டு, முறையற்ற உறவு, சிலை வணக்கம், தெய்வ நிந்தனை கூடாது, உயிரோடிருக்கும் விலங்கின் தசையை அறுத்துத் தின்னக் கூடாது, நீதிமன்றம் அமைக்க வேண்டும். பிற இனத்து நல்லவர்களுக்கும் மறுமையில் பங்கு உண்டு என்பது ரபிகள் எனப்படும் யூத மத குருக்களின் மரபு. அதனால்தான் ஆள் சேர்க்க அலைவதில்லை, தேடி வருபவரையும் முதலில் ‘எதற்கு இந்தப் பாரம்?’ என்று தடுத்துத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: யூதரும் முஸ்லிம்களும் ஆதியிலிருந்தே பகைவர்களா?
- வாசகர், காயல்பட்டினம்

இல்லை. இன்றைய சண்டை நிலத்தையும் அரசியலையும் பற்றியது, அதை 1,400 ஆண்டுக்கும் நீட்டுவது தவறு. மைமோனிடிஸை எடுத்துக்கொள்ளுங்கள், 12ஆம் நூற்றாண்டின் மாபெரும் யூத அறிஞர். அவர் பிறந்த ஸ்பெயினின் கோர்டோபாவை அல்மோகதுகள் என்ற முஸ்லிம் அரச மரபினர் பிடித்ததும், அவர்களின் மதக் கெடுபிடியால் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனவர், கடைசியில் எகிப்தில் முஸ்லிம் ஆட்சியாளர்களுக்கே மருத்துவரானார், தன் தத்துவ நூலை அரபியில் எழுதினார்.

அவருக்கு ஒபதியா என்பவர் கடிதம் எழுதினார். இஸ்லாத்திலிருந்து யூதரானவர். முஸ்லிம்கள் சிலை வணங்கிகள், மெக்கா யாத்திரையில் சடங்காகக் கல்லெறிவதே அதற்குச் சாட்சி என்று அவருடைய ஆசிரியர் சொன்னாராம், இவர் மறுத்ததற்கு ‘முட்டாள்’ என்று திட்டினாராம். மைமோனிடிஸின் பதில் நேரடியானது: முஸ்லிம்கள் சிலை வணங்கிகளே அல்ல, கடவுளை ஒருவர் என்று குறையின்றி ஏற்பவர்கள். அவர்கள் நம்மைப் பற்றிப் பொய் சொன்னாலும் நாம் அவர்களைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர் எழுதியது இது. (தந்தை, மகன், ஆவி மூவரும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவத்தின் மூவொருமையை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை, பின்னால் வந்த ரபிகள் பலர் அதில் தளர்வு காட்டினார்கள்.)

அதோடு விடவில்லை. பெற்றோரை மதிக்கச் சொன்ன தோரா (தனாக்கின் முதல் ஐந்து நூல்கள்), வேற்று இனத்திலிருந்து வந்து சேர்ந்தவரை நேசிக்கவே சொல்கிறது, அப்படிப்பட்டவரையா முட்டாள் என்பது என்று கேட்டார். நீங்கள் அவருடைய மாணவராகவே இருந்தாலும், அந்த ஆசிரியர்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அப்புறம் நோன்பிருந்து கடவுளிடமும் கேட்கட்டும் என்று எழுதினார்.