ஓ-பேராக ஜெர்மனி போக அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 25. பி.காம் முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு ஒரு வருடம் தங்கி, அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே மொழி கற்கும் ‘ஓ-பேர்’ வாய்ப்புக்குப் போக ஆசை. ஏஜென்ட் 2.5 லட்சம் கேட்கிறார், ஒரே வருடத்தில் அடைத்துவிடலாம் என்கிறார். அம்மா நகையை அடகு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். கல்விக் கடனுக்கு மாதம் ரூ.6,200 கட்டுகிறேன். என்ன செய்யலாம்? ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் சித்தி வீட்டுக்கே ஓ-பேராகப் போக முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: நகையைத் தொடாதீர்கள். அதற்காக ஜெர்மனி ஆசையையும் விட வேண்டாம். அடகு வைக்காமலே போக வழி இருக்கிறது.

முதலில் வரவைப் பார்ப்போம். ஓ-பேருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, கைச்செலவுப் பணம். ஜெர்மனியில் அது மாதம் 280 யூரோ. தங்க அறை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. மொழி வகுப்புக்கும் அவர்கள் மாதம் 70 யூரோ தர வேண்டும். வேலை வாரத்துக்கு 30 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கணக்குக்கு ஒரு யூரோ ரூ.100 என்று வைத்தால், மாதம் ரூ.28,000. போன், வகுப்புக் கட்டணத்தில் மீதி, வெளியே போய்வரும் செலவு எல்லாம் போக, சிக்கனமாக இருந்தால் ரூ.12,000 மிஞ்சலாம். வருடத்துக்கு ரூ.1,44,000. அதில் கல்விக் கடனுக்கு ரூ.74,400 போய்விடும். கையில் நிற்பது ரூ.69,600. நகைக்கடன் 2.5 லட்சத்துக்கு 10% வட்டி என்றாலே வருடக் கடைசியில் ரூ.2,75,000 கட்டியாக வேண்டும். ஏஜென்ட் சொல்வது நடக்காத கணக்கு. இந்த விசா ஒரு வருடத்துக்கு மேல் நீளாது, இரண்டாம் முறை கிடைக்கவும் கிடைக்காது.

அந்த 2.5 லட்சம் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர்களே சேவைக் கட்டணமாக அதிகபட்சம் ரூ.30,000-மும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்பது நம் நாட்டு விதி. செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கி வைக்கும் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ போட வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். அது மாணவர் விசாவுக்குக் கேட்பது, ஓ-பேருக்குத் தேவையில்லை. அந்தக் குடும்பமே முன்பணம் கேட்டால், அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.

நீங்களே நேரடியாகக் குடும்பம் தேடினால் பெரிய செலவுகள் மூன்றுதான்: ஏ1 எனும் தொடக்க நிலை ஜெர்மன் வகுப்பும் தேர்வும் (சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் ஜெர்மன் மொழி மையமான மாக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம்), 75 யூரோ விசா கட்டணம், விமான டிக்கெட். குளிருக்கான துணிமணியும் சேர்த்து ஒன்றே கால் லட்சத்துக்குள் முடித்துவிடலாம் என்பது என் மதிப்பீடு. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. உங்களுக்கு ஒரு வருடமாவது கையில் இருக்கிறது. இப்போதே வங்கியில் ஒரு ஆர்டி தொடங்கி, சம்பளத்திலிருந்து சேருங்கள்.

அதைத் தவிர இரண்டு தொகை தனியாக இருக்க வேண்டும். ஒன்று, திரும்பி வரும் டிக்கெட்டுக்கு ரூ.50,000. குடும்பத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு வெளியேற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் டிக்கெட்டுக்குக் காசில்லை என்பதாலேயே ஒரு பெண் பிடிக்காத வீட்டில் ஒடுங்கிக் கிடக்கக் கூடாது. இதை உங்களிடம் மன்றாடியே கேட்கிறேன். இன்னொன்று, ஆறு மாத இஎம்ஐ, ரூ.37,200. தவணை தவறினால் உங்கள் சிபில் மட்டும் கெடாது, கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்ட பெற்றோரின் சிபிலும் கெடும்.

சித்தி வீட்டுக்கு ஓ-பேராகப் போக முடியாது. அந்தக் குடும்பம் உங்களுக்கு உறவாக இருக்கக் கூடாது என்பது விதி. உறவே இல்லாத தமிழ்க் குடும்பத்துக்கும் இதே சிக்கல்தான். ஜெர்மன் தாய்மொழியாக இல்லாமல் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் இருந்தால், அந்தப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து ஓ-பேர் வர முடியாது. சித்தி வேறு விதத்தில் உதவட்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தோடு அவரை ஒருமுறை போனில் பேசச் சொல்லுங்கள்.

இந்த வருடத்தின் லாபம் மொழிதான். பி1, பி2 என்று மேல் நிலைகளுக்கு முன்னேறினால் ‘ஆவுஸ்பில்டுங்’ தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனைகளில் செவிலியர் பயிற்சிக்கு முதல் வருடத்திலேயே, பிடித்தம் போவதற்கு முன், 1,300 யூரோவுக்கு மேல் தருகிறார்கள். கணக்கு வேலையிலேயே தொடர நினைத்தால் அதற்கும் பயிற்சிகள் உண்டு. எந்தத் துறை என்பதை இங்கிருக்கும்போதே முடிவு செய்துவிட்டு, கிளம்பும் முன் குறைந்தது ஏ2 வரை படித்துவிடுங்கள்.